பால் கட்டியான கதை: காமாக் கதிரும் இறப்பரும் பரந்தன் உப்பும்

வீட்டுச் சுவருக்குப் பூசுகிற எமல்ஷன் பெயின்ற், தச்சுப் பட்டறையில் பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசை, ஆஸ்பத்திரியில் தாதி போடுகிற நீலக் கையுறை. இந்த மூன்றுக்கும் ஒரே பூர்வீகம்தான். மூன்றும் ஒரு கட்டத்தில் பாலாக இருந்தவை. தண்ணீரோடு சேராத ஒரு திரவத்தைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் கலக்கி, கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளுக்குள்ளே பிளாஸ்டிக்கை வளர்த்து எடுத்த பால். இரசாயனப் புத்தகத்தில் இதற்குப் பால்மப் பல்பகுதியமாக்கல் என்று பெயர். பல்பகுதியம் எண்டு நாங்கள் படிக்கிறதைத்தான் தமிழ்நாட்டில் பலபடி என்பார்கள். பெயர் வாயில் நுழையாட்டியும் பொருள் எல்லார் வீட்டிலும் கிடக்கு.

இதற்கு மூலப்பொருள் வைனைல் ஒருபகுதியங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள். ஸ்ரைரீன், வைனைல் அசற்றேற்று, வைனைல் குளோரைட்டு, அக்கிரிலோநைத்திரைல் எல்லாம் இந்தக் குடும்பம். ஒவ்வொன்றிலும் இரண்டு காபன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கை கோத்து நிற்கும். அதில் ஒரு பிணைப்பை யாராவது திறந்துவிட்டால், விடுபட்ட கை பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கும். அது அடுத்ததைப் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் சங்கிலி நீளும். முதல் கையை விடுவிப்பது யார் என்பதுதான் கேள்வி. வழக்கமாக அந்த வேலையைச் செய்வது பேர்சல்பேற்று என்கிற மலிவான உப்பு. சூடாக்கினால் அது உடைந்து சுயாதீன மூலிகங்களைத் தரும். 1950களில் சில ஆய்வாளர்கள் இன்னொரு வழியைச் சொன்னார்கள்: உப்பும் வேண்டாம், சூடும் வேண்டாம், காமாக் கதிரைக் காட்டினால் போதும்.

அந்த வழி ஆய்வுகூடத்தில் வென்றது. சந்தையில் தோற்றது. பிறகு இறப்பர் விளைகிற நாடுகளில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. ஒரு நுட்பம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அது எங்கே பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்தில் கைக்கெட்டின தூரத்தில் என்ன இருக்கு, யார் இருக்கினம் என்பதுதான். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வாறம். வன்னியில் இருந்து பார்க்கிற எங்களுக்கு இது வெளிநாட்டுக் கதையாக மட்டும் தெரியவில்லை.

போர் கேட்ட பால்

பால்ம வழி வளர்ந்தது இறப்பருக்காக. மரம் தருகிற இறப்பர் பாலே ஒரு பால்மம்தான். தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய இறப்பர் துணிக்கைகள், அவற்றைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும். பாலின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு அளவு இறப்பர். மரம் செய்வதைத் தொட்டிக்குள் செய்ய முடியாதா என்று ஜேர்மனியர் நெடுநாள் முயன்றார்கள். 1930களில் பியூற்றாடையீனையும் ஸ்ரைரீனையும் சவர்க்காரத் தண்ணீரில் சேர்த்துப் பூனா-எஸ் என்ற செயற்கை இறப்பரைச் செய்துவிட்டார்கள்.

1942 இன் முதல் மாதங்களில் யப்பான் மலாயாவையும் சிங்கப்பூரையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் பிடித்தது. உலக இயற்கை இறப்பரில் சுமார் 90 வீதம் நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. அவர்களுக்கு மிஞ்சிய பெரிய இறப்பர் மூலம் இலங்கை. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையைத் தாறுமாறாக வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அந்த முறைக்கு வைத்த பெயரின் பொருளே 'கொலை வெட்டு' என்பதுதான்.

அதே ஆண்டில் அமெரிக்கா செயற்கை இறப்பருக்கு ஒரு பொதுச் செய்முறையை எல்லா ஆலைகளுக்கும் கொடுத்தது. 75 பங்கு பியூற்றாடையீன், 25 பங்கு ஸ்ரைரீன், 180 பங்கு தண்ணீர், 5 பங்கு சவர்க்காரம், 0.3 பங்கு பேர்சல்பேற்று. வெப்பநிலை 50 பாகை. ஒருபகுதியம் 100 கிலோவுக்குப் பேர்சல்பேற்று வெறும் 300 கிராம். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும். 1945 இல் அந்த நாட்டின் உற்பத்தி ஏழு இலட்சம் தொன் அளவுக்குப் போய்விட்டது.

ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்ற விளக்கம் பிந்தித்தான் வந்தது. வில்லியம் ஹார்க்கின்ஸ் 1940களின் நடுப்பகுதியிலும், ஸ்மித், ஈவார்ட் இருவரும் 1948 இலும் அதை எழுதினார்கள். சவர்க்கார மூலக்கூறுகள் தண்ணீருக்குள் சின்னச் சின்னக் கொத்துகளாகக் கூடும். அவற்றுக்குப் பெயர் மைசெல். ஒருபகுதியம் கொஞ்சம் அதற்குள்ளே போய் ஒளிந்துகொள்ளும். தண்ணீரில் பிறந்த ஒரு மூலிகம் அந்தக் கொத்துக்குள் நுழைந்ததும் சங்கிலி தொடங்கும்.

ஒரு பெரிய மண்டபத்தில் நூறு பேரை இருட்டில் ஓட விட்டால் ஆளோடு ஆள் முட்டி விழுவார்கள். நூறு சின்ன அறைகளில் ஆளுக்கொரு அறை கொடுத்தால் முட்ட ஆளே இல்லை. தூய திரவத்தில் வளருகிற சங்கிலிகள் ஒன்றையொன்று முட்டிக் கெதியாக முடிந்துபோகும். பால்மத்தில் ஒவ்வொரு துணிக்கையும் ஒரு தனி அறை. ஒரு மில்லிலீற்றரில் ஒரு கோடி கோடி அறைகள்கூட இருக்கலாம். அதனால் சங்கிலி நீளமாகவும் வளரும், வேகமாகவும் வளரும். மற்ற வழிகளில் வேகத்தைக் கூட்டினால் நீளம் குறையும். பால்மத்தில் அறைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். இதுதான் அதன் பலம்.

கதிர் கதவைத் திறக்கிறது

கதிர்வீச்சு ஒருபகுதியத்தைச் சங்கிலியாக்கும் என்பது இரண்டாம் உலகப்போருக்கு முன்பே தெரிந்திருந்தது. இலண்டனில் ஹொப்வூட், பிலிப்ஸ் என்ற இருவர் நியூத்திரனும் காமாக் கதிரும் பட்டால் இப்படியான திரவங்கள் இறுகும் என்று 1938, 1939 ஆண்டுகளில் எழுதினார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பலமான கதிர்மூலம் என்றால் ரேடியம். அது பொன்னைவிடப் பல மடங்கு விலை. போருக்குப் பிறகு அணு உலைகள் வந்தன. சாதாரண கோபால்ற் உலோகத்தை உலைக்குள் வைத்து நியூத்திரன் படவிட்டால் கோபால்ற்-60 ஆக மாறும். அதன் அரைவாழ்வுக்காலம் 5.27 ஆண்டு. சிதையும்போது 1.17, 1.33 மில்லியன் இலத்திரன்வோல்ற் சக்தியுள்ள இரண்டு காமாக் கதிர்களை விட்டு நிக்கலாகும். அணுகுண்டு செய்த நாடுகளுக்கு அணுவுக்கு ஒரு நல்ல முகம் காட்டவேண்டிய தேவையும் இருந்தது. 1953 டிசம்பர் 8 இல் ஐநா சபையில் ஐசனோவர் 'அமைதிக்கான அணு' என்று பேசினார். சர்வதேச அணுசக்தி முகவரகம் 1957 இல் தொடங்கியது. கதிர் இரசாயனத்துக்குப் பணம் வந்த காலம் அது.

இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஆர்தர் சாள்ஸ்பி 1952 இல் பொலித்தீனை அணு உலைக்குள் வைத்து அதன் சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டிக் காட்டினார். பாரிசில் அடோல்ஃப் ஷப்பிரோ கதிரால் நடக்கும் பல்பகுதியமாக்கலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1962 இல் பெரிய நூலாகத் தந்தார். அமெரிக்காவின் வட கரோலினாவில் விவியன் ஸ்ரனெற்றும் கூட்டாளிகளும் ஸ்ரைரீன், வைனைல் அசற்றேற்றுப் பால்மங்களைக் கோபால்ற்-60 முன்னே வைத்துத் தொடர்ந்து வேலை செய்தார்கள். எங்களுக்கு நெருக்கமான ஒரு ஆய்வும் இருக்கு: பிரித்தானிய இறப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தைச் சேர்ந்த கொக்பெய்ன், பென்டில், ரேணர் மூவரும் இயற்கை இறப்பர் பாலுக்குள் மெதைல் மெதக்கிரிலேற்று என்ற வைனைல் ஒருபகுதியத்தை ஊற்றிக் காமாக் கதிர் காட்டி, இறப்பர் சங்கிலியிலேயே பிளாஸ்டிக் கிளையை ஒட்டு வைத்தார்கள். 1959 இல் அதை வெளியிட்டார்கள். மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது மாதிரி, மூலக்கூறில் ஒரு ஒட்டு.

உள்ளே நடப்பது இதுதான். பால்மத்தில் பெரும்பகுதி தண்ணீர். காமாக் கதிர் தண்ணீரில் பட்டால் தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஐதரொட்சில் மூலிகம், ஐதரசன் அணு, தண்ணீர் சூழ்ந்த இலத்திரன் எல்லாம் பிறக்கும். 100 இலத்திரன்வோல்ற் சக்தி உள்ளே போனால் ஐதரொட்சில் மூலிகம் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வரும். அது மைசெல்லுக்குள் நுழைந்து சங்கிலியைத் தொடக்கும். பேர்சல்பேற்று உடைவதற்குச் சூடு வேண்டும். கதிருக்கு வேண்டாம். அறை வெப்பநிலையிலும் அதைவிடக் குளிரிலும் நடக்கும். வேகத்தைக் கூட்டக் குறைக்க மூலத்தை அருகே கொண்டுவரலாம், தள்ளி வைக்கலாம். கடைசியில் பாலுக்குள் தொடக்கி உப்பின் மிச்சமும் இருக்காது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. பிறகு ஏன் பெயின்ற் ஆலைகள் எல்லாம் கோபால்ற்றுக்கு மாறவில்லை?

முந்நூறு கிராம் உப்பு

அந்த 300 கிராமை இப்போது எடுத்துப் பார்ப்போம். 100 கிலோ ஒருபகுதியத்துக்கு 300 கிராம் மலிவான உப்பு, 50 பாகைச் சுடுதண்ணீர். இதோடு போட்டி போடுகிற கதிர் வழிக்கு என்ன வேண்டும்? இரண்டு மீற்றர் அளவு தடிப்பான கொங்கிறீற் சுவர். வேலை இல்லாத நேரம் மூலத்தை இறக்கி வைக்க ஆழமான தண்ணீர்க் கிணறு. கதவு தானாகப் பூட்டும் ஒழுங்கு. பயிற்சி பெற்ற ஆட்கள். கோபால்ற்-60 வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆண்டுக்கு 12 வீதம் குறைந்துகொண்டே போகும். ஆலைக்கு லீவு விட்டாலும் அது லீவு எடுக்காது. தொடக்கி உப்பின் மிச்சம் இல்லை என்ற நன்மைக்காகப் பெயின்ற் வாங்குகிறவர் கூடுதலாக ஒரு சதமும் தரமாட்டார்.

கதிர் இரசாயனம் முழுசாகத் தோற்றது எண்டு சொல்ல முடியாது. வேறு எதுவும் செய்ய முடியாத வேலைகளில் அது நிலைத்தது. சூடாக்கினால் சுருங்கி மின்கம்பியை இறுக்கமாகப் போர்த்துகிற குழாய், வெப்பம் தாங்கும் கேபிள், பொதிக்குள் வைத்தபடியே கிருமி நீக்குகிற ஊசியும் கையுறையும் எல்லாம் அப்படி வந்தவை. பால்மத்துக்கு மட்டும் உப்பே போதுமாக இருந்தது.

ஆனால் உலகத்தின் இன்னொரு பக்கத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அங்கே பாலைச் செய்யத் தேவையில்லை. மரமே தந்தது.

மரத்துப் பாலுக்குத் திரும்பின கதிர்

பலூனும் கையுறையும் செய்ய இறப்பர் பாலை அப்படியே பாவிக்க முடியாது. காய்ந்தால் ஒட்டும், இழுத்தால் அறும். சங்கிலிகளைக் குறுக்கே கட்டவேண்டும். அதற்குப் பெயர் வல்கனைசுப்படுத்தல். வழமையான வழி கந்தகம், நாக ஒட்சைட்டு, வேகமூட்டிகள், சூடு. அந்த வேகமூட்டிகளில் சிலவற்றிலிருந்து புற்றுநோய்க்கு வழிவிடுகிற நைத்திரோசமைன்கள் உருவாகும். குழந்தை சப்புகிற சூப்பியில் அது இருக்கக்கூடாது என்ற கவலை 1980களில் வலுத்தது.

காமாக் கதிர் கந்தகம் இல்லாமலே சங்கிலிகளைக் கட்டும். ஆனால் பாலை மட்டும் வைத்தால் 200 தொடக்கம் 300 கிலோகிரே அளவு கதிர் வேண்டும். செலவு கட்டாது. இங்கேதான் வைனைல் குடும்பம் மறுபடி உள்ளே வருகிறது. யப்பானின் தகாசாகி ஆய்வு நிலையத்தில் கெய்சோ மக்கூச்சியும் கூட்டாளிகளும் 1980களின் கடைசியில் 100 பங்கு இறப்பருக்கு 5 பங்கு பியூட்டைல் அக்கிரிலேற்று சேர்த்தார்கள். அது இறப்பர் துணிக்கைக்குள் புகுந்து, கதிர் பட்டதும் தானும் பல்பகுதியமாகி, இறப்பர் சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டுப்படவும் உதவியது. தேவையான கதிர் 15 கிலோகிரே அளவுக்கு இறங்கியது.

15 கிலோகிரே என்றால் எவ்வளவு? மனிதரைக் கொல்ல உடம்பு முழுக்க 5 கிரே போதும். இது அதன் 3,000 மடங்கு. ஆனால் அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறினாலும் தண்ணீர் 4 பாகைகூடச் சூடேறாது. கதிரின் பலம் சூட்டில் இல்லை, குறிபார்த்துப் பிணைப்பை உடைப்பதில் இருக்கு. பாலுக்கு நன்மை செய்வதும் உடம்புக்குக் கேடு செய்வதும் அதே குணம்தான்.

இந்த வழியில் செய்த இறப்பரில் கந்தகம் இல்லாததால் எரித்தால் கந்தக வாயு வராது, சாம்பலும் குறைவு. ஒவ்வாமை தரும் புரதத்தைக் கழுவி எடுப்பதும் இலகு. இந்தோனேசியா 1983 இல் யாகர்த்தாவில் ஒரு முன்னோடி ஆலையைத் தொடங்கியது. கேரளத்தின் கோட்டயத்தில் இந்திய இறப்பர் சபை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு ஒன்றை நிறுவியது. மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஆய்வாளர்களும் இதில் இறங்கினார்கள். பால் சுரக்கும் நாடுகள் எல்லாம் ஒரே ஆய்வுக்குள் வந்தது தற்செயல் இல்லை. பாலைக் கொண்டுபோகிற தூரம் குறைவு, பாலில் பெறுமதி கூட்டவேண்டிய தேவை அதிகம்.

இதுவும் உலகத்தை மாற்றவில்லை. கந்தகம் கட்டுகிற இறப்பரின் உறுதி இதற்குச் சற்றுக் குறைவாகவே வந்தது. அதற்குள் இறப்பர்ப் புரத ஒவ்வாமையால் பல ஆஸ்பத்திரிகள் நைத்திரைல் கையுறைக்கு மாறின. அந்த நீலக் கையுறை பியூற்றாடையீனும் அக்கிரிலோநைத்திரைலும் சேர்ந்த செயற்கைப் பால்மம். 1942 செய்முறையின் பேரப்பிள்ளை.

பயம் நியாயமானதுதான்

கதிர்வீச்சு என்றால் பயப்படாதையுங்கோ எண்டு அறிவுரை சொல்ல நாங்கள் வரவில்லை. சில விசயங்கள் தெளிவாகத் தெரியவேணும். காமாக் கதிர் பட்ட கையுறையோ பாலோ கதிரியக்கப் பொருளாக மாறாது. ஆபத்து மூலத்தில் இருக்கு.

1989 பெப்ரவரியில் எல் சல்வடோரில், மருத்துவப் பொருட்களுக்குக் கிருமி நீக்கும் ஒரு நிலையத்தில் கோபால்ற்-60 மூலம் மேலேயே சிக்கிக்கொண்டது. கீழே கிணற்றுக்குள் இறங்கவில்லை. பாதுகாப்பு ஒழுங்குகளைத் தாண்டி உள்ளே போய்க் கையால் விடுவிக்கப் பார்த்த தொழிலாளியும் அவருக்கு உதவப்போன இருவரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் சில மாதங்களில் இறந்தார். அந்த நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர். பராமரிப்பும் பயிற்சியும் மேற்பார்வையும் ஆண்டுக்கணக்காகத் தேய்ந்து போயிருந்தன. இதை வாசிக்கிறபோது வன்னிப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. போர் ஒரு இயந்திரத்தைக் குண்டு போட்டு உடைக்கத் தேவையில்லை, அதைப் பார்த்துக்கொள்கிற ஆளின் அறிவை அறுத்துவிட்டாலே போதும்.

இலங்கையில் கதிர் வேலைகளுக்கு 1969 இல் அணுசக்தி அதிகாரசபை வந்தது. 2014 இன் சட்டம் மேம்பாட்டையும் ஒழுங்குபடுத்தலையும் இரண்டு தனி அமைப்புகளாகப் பிரித்தது. கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் காமா நிலையம் இயங்குகிறது, பெரும்பாலும் கிருமி நீக்கத்துக்காக. இறப்பர் தோட்டங்களும் அந்தப் பக்கம்தான், துறைமுகமும் அந்தப் பக்கம்தான்.

பால் வெட்டின கைகள்

அப்படியென்றால் வன்னிக்கு இதில் என்ன இடம்? முதலில் ஆட்களைப் பார்ப்போம்.

இலங்கையில் இறப்பர் 1876 இல் கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றப்பட்டது. தோட்டங்கள் பெருகியபோது பால் வெட்டினவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். விடியமுன் எழும்பி, வெயில் ஏறமுன் மரத்தின் பட்டையைச் சரியான ஆழத்தில் சீவவேண்டும். ஆழம் கூடினால் மரம் புண்படும், குறைந்தால் பால் வராது. சிரட்டையில் விழுந்த பால் சில மணி நேரத்தில் தானாகத் திரைந்துவிடும். திரையாமல் வைக்க அமோனியா, திரைய வைக்கப் போமிக் அமிலம். வெட்டுக்காயத்தில் உறைந்த ஒட்டுப்பாலைத் தனியே சேர்ப்பார்கள். பால்மம் எப்போது நிலைக்கும், எப்போது உடையும் என்ற ஹார்க்கின்ஸின் கேள்விக்கு இந்த மக்கள் தினமும் கையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தன. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும். நாடு அரிசி சாப்பிட்டது அந்தக் கைகளால். அதற்கு நாலு வருசத்துக்கு முன்னாலே, 1948 இன் சட்டத்தால், அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தது.

1973, 1974 ஆண்டுகளின் தோட்டப் பட்டினியும், 1977 இலும் 1981 இலும் நடந்த இன வன்முறைகளும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் துரத்தின. வவுனியாவை மையமாக வைத்து மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியேற்றியது. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் கொல்லப்பட்டார். வந்த குடும்பங்கள் காடு வெட்டின, கூலிக்கு வயல் செய்தன. காணி உறுதிக்கும் தண்ணிக்கும் இன்றைக்கும் அலைகிற குடும்பங்கள் அவர்களுக்குள்ளே அதிகம். எங்கட சமூகத்தில் ஒரு பகுதி அவர்களை இழிசொல்லால் கூப்பிட்டதும் உண்மை. அவர்கள் வரும்போது கொண்டுவந்த தொழிலறிவைப் பற்றி இங்கே கேட்டவர்கள் குறைவு. இங்கே அப்போது இறப்பர்த் தோட்டமும் இருக்கவில்லை.

பரந்தனில் நின்றுபோன படி

இறப்பர் இல்லாத வன்னிக்கு வேறொன்று இருந்தது: உப்பு. ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தில், பரந்தனில், 1950களில் அரசு ஒரு இரசாயன ஆலையை நிறுவியது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் எரிசோடாவும் குளோரினும் ஐதரசனும் வரும். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் போகும். குளோரின் குடிதண்ணீரைச் சுத்திகரிக்கப் போகும்.

அந்தக் குளோரின் எங்கட கதைக்குள்ளேதான் நிற்கிறது. வைனைல் குளோரைட்டு செய்ய எதிலீனும் குளோரினும் வேண்டும். வயலுக்குத் தண்ணி இறைக்கிற பிவிசி குழாயின் நிறையில் 57 வீதம் குளோரின். குழாய்க்கான பிவிசி பெரும்பாலும் பால்மத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரமான தொங்கல் முறையில் வருகிறது. றெக்சீன் பூசவும் தரைவிரிப்புக்கும் போகிற பசைப் பிவிசி பால்ம வழியில் வருகிறது. பரந்தனில் வைனைல் செய்யவில்லை, எதிலீன் இங்கே இல்லை. ஆனால் ஏணியின் முதல் படி இருந்தது. எரிசோடா, குளோரின், அதை இயக்கத் தெரிந்த தொழிலாளர்கள், அவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடங்கள்.

1980களில் போரோடு ஆலை நின்றது. 1990களில் வன்னிக்கு வந்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. இரசாயனம் என்ற சொல்லே சந்தேகச் சொல்லாக மாறின காலம். உயர்தர வகுப்பில் பல்பகுதியமாக்கலைக் கரும்பலகையில் படித்த ஒரு தலைமுறை, அதை ஒரு தொட்டியில் நடக்கக் கண்டதில்லை. பரந்தன் சந்தியால் போய்வந்தவர்களுக்கு ஆலை என்பது துளை விழுந்த சுவர்தான்.

பரந்தனில் மறுபடி இரசாயனத் தொழில் வரும் என்ற பேச்சு போருக்குப் பிறகு அடிக்கடி எழுகிறது. வந்தால் நல்லது. அப்போது கேட்கவேண்டிய கேள்விகளுக்கு இந்த வரலாறு உதவும். குளோரின் சிலிண்டரில் அடைத்து வெளியே போவதோடு முடியுமா, அடுத்த படி ஒன்று இங்கே வருமா? ஆபத்தான பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சியும் கையேடும் தமிழில் இருக்குமா? கழிவு எங்கே போகும்? இரணைமடுவுக்கும் ஆனையிறவுக் கடல்நீரேரிக்கும் இடையில் இருக்கிற ஊருக்கு இது சின்னக் கேள்வி இல்லை. வேலை கிடைப்பது யாருக்கு, காவலாளி வேலை மட்டுமா?

கதிர் வழியைப் பேர்சல்பேற்று தோற்கடித்தது மலிவாகக் கைக்குக் கிடைத்ததால். கதிர் திரும்பி வந்தது மரத்துப் பால் கைக்குக் கிடைத்த நாடுகளில். இரண்டு தடவையும் முடிவு செய்தது இடம். இடம் என்றால் மண்ணும் உப்பும் மட்டும் இல்லை, தெரிந்த கைகளும்தான். அந்தக் கைகள் எங்கட ஊரிலேயே வயது போய்க்கொண்டிருக்கு.

அதனால் வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கட வீட்டில், பக்கத்து வீட்டில், கேகாலையிலோ களுத்துறையிலோ பால் வெட்டின அம்மாயி, தாத்தா யாரும் இருந்தால், பரந்தன் ஆலையில் வேலை செய்த பெரியப்பா, மாமா யாரும் இருந்தால், போய்க் கேளுங்கோ. கத்தியை எப்படிப் பிடித்தார்கள், பால் திரையப் போகுது எண்டு எப்படிக் கண்டுபிடித்தார்கள், குளோரின் கசிந்தால் காற்று எந்தப் பக்கம் என்று எப்படிப் பார்த்தார்கள். அவர்கள் பாவித்த சொல்லையே எழுதி அனுப்புங்கோ, புத்தகச் சொல்லாக மாற்றவேண்டாம். வருகிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சொற்பட்டியலாக இங்கே போடுவோம்.